பிலிம் சுருள் செய்தவர்கள்: கேமரா நிறுவன ஊழியர்களின் பரிசுகளும் வியப்புகளும்

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையில் விடியற்காலையில் சாலையோரம் நின்றால் நிறுவனப் பேருந்துகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். ஒருகாலத்தில் இவ்வூரிலிருந்து ஓசூருக்குப் போனவர்கள் லாரி ஆலைக்கும் கைக்கடிகார ஆலைக்கும் போனார்கள். இன்று இதே வட்டத்தைச் சேர்ந்த திம்ஜேபள்ளிப் பகுதியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. அங்கே ஐபோனுக்கான பாகங்கள் செய்யப்படுகின்றன. வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசும் எங்கள் கடைத்தெருவில் இப்போது ஜார்கண்ட் பெண்களின் இந்தியும் கேட்கிறது.

இன்று உலகில் எடுக்கப்படும் படங்களில் மிகப் பெரும்பாலானவை கைப்பேசியில் எடுக்கப்படுபவை. அப்படிப் பார்த்தால் இந்தப் பெண்களும் ஒருவகையில் கேமராத் தொழிலாளர்களே. ஆனால், இத்தகைய மின்னணு ஆலைகள் பலவற்றில் கேமரா உள்ள கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேமரா செய்பவருக்கும் கேமராவுக்கும் நடுவே இப்படி ஒரு விசித்திரமான உறவு தொடக்கத்திலிருந்தே இருந்து வந்திருக்கிறது. கேமராவைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்கின்றன. அதைச் செய்து கொடுத்த ஊழியர்களுக்கு என்ன கிடைத்தது, எது அவர்களை வியக்க வைத்தது, எது ஏமாற்றியது என்பதை இக்கட்டுரை பேசுகிறது. இதில் பெரும்பகுதி அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைப் பற்றியது. கடைசிப் பகுதி நம் உதகமண்டலத்தைப் பற்றியது.

விளையாட்டிலிருந்து பிறந்த பெயர்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் (1854–1932) ராச்செஸ்டரில் ஒரு சேமிப்பு வங்கியில் எழுத்தராக இருந்தவர். 1880-இல் ஒளிப்படத்துக்கான உலர் தட்டுகள் செய்யும் தொழிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டு வங்கி வேலையை விட்டார். 1888-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிக் கேமராவின் பெயர் 'கோடாக்'. எந்த மொழியிலும் இச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஆங்கில எழுத்து 'கே' வலிமையானது என்று ஈஸ்ட்மனுக்கு ஒரு பிடிப்பு. அதிலேயே தொடங்கி அதிலேயே முடியும்படி எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து உருவாக்கிய சொல் அது.

கேமராவின் விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே பத்து டாலர் பெற்றுக்கொண்டு படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதிய சுருளையும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும் உங்கள் வேலை, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே விளம்பரத்தின் சாரம். அந்த 'நாங்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் சுருளைப் பிரிக்கவும் கழுவவும் ஒட்டவும் இருட்டறைகளில் நின்ற எத்தனையோ கைகள் அடங்கியிருந்தன.

1900-இல் வந்த 'பிரௌனி' கேமராவின் விலை ஒரே டாலர். குழந்தைக் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர் அது. பெட்டியின் மேலும் அந்தப் படங்களே இருந்தன. சிறுவர்களுக்கென்று ஒரு பிரௌனி சங்கம் அமைத்துப் போட்டியும் நடத்தினார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1930-இல், நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, அவ்வாண்டு பன்னிரண்டு வயது நிறையும் அமெரிக்க, கனடா நாட்டுச் சிறுவர் சிறுமியருக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கேமராக்களை இலவசமாகக் கொடுத்தார்கள். பெற்றோரோ காப்பாளரோ உடன் வந்தால் போதும். பெட்டியில் ஒரு பொன்னிற முத்திரை, கூடவே ஒரு பிலிம் சுருள். பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிய அடுத்த ஆண்டு இது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் ரொட்டி குறைந்த நாளில் கைக்குக் கேமரா வந்திருக்கிறது. இரண்டாம் சுருளை யாரும் இலவசமாகத் தரப்போவதில்லை என்பது ஈஸ்ட்மனுக்கு நன்றாகத் தெரியும்.

உறைக்குள் வந்த பணம்

ஊழியர்களுக்கு முதல் பெரிய வியப்பு 1899-இல் வந்தது. நிறுவனத்தைப் புதிய அமைப்பாக மாற்றியதில் ஈஸ்ட்மனுக்குப் பெருந்தொகை கிடைத்தது. அதில் ஏறத்தாழ 1,78,000 டாலரை ஊழியர்கள் அனைவருக்கும் பிரித்துக் கொடுத்தார். உறையோடு ஒரு குறிப்பு இருந்தது. இது ஈஸ்ட்மனின் சொந்த விஷயம், நிறுவனம் கொடுத்ததாகக் கருத வேண்டாம் என்பது அதன் கருத்து. இந்தக் குறிப்பை அன்பின் அடையாளம் என்றும் படிக்கலாம். அடுத்த ஆண்டும் எதிர்பார்க்காதீர்கள் என்ற எச்சரிக்கை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், எதிர்பாராத பரிசு ஒருமுறை வந்தால் அடுத்தமுறை எதிர்பார்ப்பு வந்துவிடும். நம்மூரில் தீபாவளி போனஸின் வரலாறும் இதுதான்: முதலாளி மனமுவந்து கொடுத்தது வழக்கமாகி, வழக்கம் கோரிக்கையாகி, கோரிக்கை 1965-இல் சட்டமானது. கோடாக்கில் சட்டம் வரவில்லை. ஆனால் கணக்கு வந்தது. 1912 முதல், பங்குதாரருக்கு எவ்வளவு ஈவுத்தொகை கிடைக்கிறதோ அதையொட்டி ஊழியருக்கும் 'ஊதிய ஈவு' கொடுக்கப்பட்டது. 1919-இல் ஈஸ்ட்மன் தன் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை, அன்றைய மதிப்பில் ஒரு கோடி டாலரை, ஊழியர்களுக்காக விட்டுக்கொடுத்தார்.

பிற்காலத்தில் இந்தத் தொகை மார்ச் மாதத்தில் வரும். ராச்செஸ்டர் நகரமே அந்த நாளுக்குக் காத்திருக்கும். கார் விற்பவர், மரச்சாமான் கடைக்காரர், துணிக்கடைக்காரர் எல்லாரும் கோடாக் ஊழியர்களை நினைத்தே விளம்பரம் செய்வார்கள். ஓசூரில் போனஸ் வாரத்தில் நகைக்கடை வாசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய பரிசு ஒன்றும் நினைவில் நிற்கிறது. 1898-இல் கோடாக் ஆலோசனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேலையை மேம்படுத்த யார் வேண்டுமானாலும் யோசனை எழுதிக் கொடுக்கலாம். முதல் பரிசு இரண்டு டாலர். யோசனை இதுதான்: சன்னல் கண்ணாடிகளைக் கழுவினால் உள்ளே வெளிச்சம் நன்றாக வரும். ஒளியை வைத்துப் பிழைத்த நிறுவனத்துக்குச் சன்னலைத் துடைக்கச் சொல்லித்தர ஒரு தொழிலாளி வேண்டியிருந்தது.

மாட்டின் கடுகும் வைக்கோல் அட்டையும்

பிலிம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வியப்புகள் புரியும். வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடு போன்ற உப்பையும் ஜெலட்டின் கரைசலில் சேர்த்தால் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் உண்டாகும். இந்தப் பாலேடு போன்ற குழம்பை ஒளிபுகும் நாடாவின் மேல் மெல்லிய படலமாகப் பூசி உலர்த்த வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி. ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் சுருள் முழுவதும் வீண். எல்லா நிறங்களையும் உணரும் பிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது. எனவே, பூசும் இடத்திலும் வெட்டும் இடத்திலும் கும்மிருட்டில்தான் வேலை. உலகுக்குப் பார்வையைக் கொடுத்தவர்கள் தம் வேலை நாளைச் சுவரைத் தடவியபடியும் எதிரே வருபவருக்குக் குரல் கொடுத்தபடியும் கழித்தார்கள்.

ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. 1882-இல் ஈஸ்ட்மனின் தட்டுகள் திடீரென்று உணர்திறன் இழந்தன. கடைக்காரர்களிடம் விற்றதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செய்முறை ஒன்றே, செய்தவர்களும் அவர்களே. ஆனால் படம் விழவில்லை. குற்றம் ஜெலட்டினில் என்று அப்போது கண்டார்கள். ஏன் என்று தெரியவில்லை. விடை கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர், நல்ல ஜெலட்டினில் கந்தகம் கொண்ட ஒரு பொருள் மிகச் சிறிதளவு இருப்பதைக் கண்டுபிடித்தார். அது கடுகெண்ணெயில் இருப்பது. மாடு மேய்ந்த கடுகுச் செடிதான் பிலிமுக்கு ஒளி உணர்வைக் கொடுத்திருக்கிறது! மாடுகளுக்குக் கடுகு பிடிக்காமல் போயிருந்தால் நாம் சினிமாவே பார்த்திருக்க முடியாது என்று ஆய்வுக்கூடத் தலைவர் கென்னத் மீஸ் வேடிக்கையாகச் சொல்வாராம். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாம் வியப்பு அவ்வளவு வேடிக்கையானதன்று. 1945-இல் வாடிக்கையாளர்கள் எக்ஸ்ரே பிலிமில் மங்கலான புள்ளிகள் இருப்பதாகப் புகார் செய்தனர். ஜூலியன் வெப் என்ற கோடாக் இயற்பியலாளர் ஆராய்ந்தபோது, பிலிமை அடுக்கி வைக்கும் வைக்கோல் அட்டையில் கதிரியக்கம் இருந்தது. அட்டை இண்டியானா மாநிலத்தில் வபாஷ் ஆற்றங்கரையிலுள்ள ஓர் ஆலையில் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் தூசு ஆயிரம் மைலுக்கும் மேல் பறந்து, மழையோடு விழுந்து, ஆற்றுநீர் வழியாக அட்டைக்குள் வந்திருந்தது. அரசு மிக இரகசியமாக வைத்திருந்த ஒன்றை ஒரு பிலிம் நிறுவனத்தின் ஊழியர் பழுதான சரக்கிலிருந்து படித்துவிட்டார். அவரது ஆய்வு 1949-இல்தான் வெளியானது.

1951-இல் நெவாடாவில் சோதனைகள் தொடங்கியதும் ராச்செஸ்டரில் விழுந்த பனியிலேயே கதிரியக்கம் தென்பட்டது. நிறுவனம் அணுசக்தி ஆணையத்திடம் முறையிட்டது. அதன்பின் பிலிம் உற்பத்தியாளர்களுக்கு ஆணையம் சோதனைகளைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்கத் தொடங்கியது. பிலிமைக் காக்க எச்சரிக்கை கிடைத்தது. அதே பனியிலும் மழையிலும் மேய்ந்த பசுக்களின் பாலைக் குடித்த குழந்தைகளின் பெற்றோருக்கு அத்தகைய எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. 1990-களில் அமெரிக்க செனட் விசாரணையில் இது பேசப்பட்டது.

யாருக்கு வேலை, எதற்குப் படம்

ஈவும் பரிசும் நிறைந்த இந்த நிறுவனத்தின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1964-இல் ராச்செஸ்டரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நகரின் மிகப் பெரிய முதலாளி கோடாக். அங்கே கறுப்பினத்தவர் மிகக் குறைவு. மதகுரு பிராங்க்ளின் புளோரன்ஸ் தலைமையில் 'ஃபைட்' என்ற அமைப்பு, அறுநூறு பேருக்குப் பயிற்சியும் வேலையும் கேட்டது. 1966 டிசம்பர் 20-இல் நிறுவனத்தின் உதவித் துணைத்தலைவர் ஜான் மல்டர் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ஓரிரு நாளில், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நிறுவனம் கைகழுவியது. அமைப்பினர் பங்குகளை வாங்கிக்கொண்டு 1967 ஏப்ரலில் பங்குதாரர் கூட்டத்துக்கே போய்க் கேள்வி கேட்டனர். அவ்வாண்டு ஜூனில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. மனமுவந்து கொடுக்கத் தெரிந்த முதலாளிக்குக் கேட்டால் கொடுப்பது கடினமாக இருந்திருக்கிறது.

உடனடிப் படம் தரும் போலராய்டு நிறுவனத்தில் வேறொரு கதை. 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் செய்து காட்டி விற்றபோது, கிறிஸ்துமஸ் வரை வரும் என்று நினைத்த 57 கேமராக்களும் ஒரே நாளில் தீர்ந்தன. வாடிக்கையாளருக்கு அது மாயவித்தை. 1970-இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களான கரோலின் ஹண்டர் என்ற வேதியியலாளரும் கென் வில்லியம்ஸ் என்ற ஒளிப்படக்காரரும் அலுவலகத்தில் ஓர் அடையாள அட்டை மாதிரியைப் பார்த்தார்கள். தங்களோடு வேலை செய்யும் ஒருவரின் படம், கீழே தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர். கறுப்பின மக்கள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகங்களுக்குத் தங்கள் நிறுவனத்தின் படமுறை பயன்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. இருவரும் சக ஊழியர்களைத் திரட்டினார்கள், துண்டறிக்கை ஒட்டினார்கள், பொருள்களை வாங்க வேண்டாம் என்று உலகைக் கேட்டுக்கொண்டார்கள். ஹண்டர் 1971-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஏழு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், அந்நாட்டு முகவர் அரசுக்கு இரகசியமாக விற்று வந்தது வெளிப்பட, 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

முகம் தெரியாத படம்

1975 டிசம்பரில் கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு விநோதப் பெட்டியைச் செய்து முடித்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. பிலிம் இல்லை. படம் நூறுக்கு நூறு புள்ளிகள்தான். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. நடைவழியில் வேலையாக இருந்த ஓர் ஊழியரை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். திரையில் கறுப்புத் தலைமுடி தெரிந்தது, வெளிச்சமான பின்னணி தெரிந்தது, முகம் மட்டும் குழம்பிக் கிடந்தது. பார்த்த அந்தப் பெண், இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கம்பிகளை மாற்றிப் பொருத்தியதும் முகம் வந்தது. உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா என்று இன்று கொண்டாடப்படுவது அதுதான். 1978-இல் காப்புரிமை கிடைத்தது. மேலதிகாரிகளின் கவலையெல்லாம், தொலைக்காட்சிப் பெட்டியில் யார் தம் படத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்பதாகவே இருந்தது. பிலிம் விற்று வாழும் வீட்டில் பிலிம் வேண்டாத குழந்தை பிறந்தால் யார் தாலாட்டுவார்?

இந்து நகர்

இந்தியாவில் பிலிம் செய்ய ஒன்றிய அரசு 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் உதகமண்டலம். தூசியில்லாத காற்று, குளிர், நல்ல நீர் ஆகிய மூன்றும் பிலிம் பூச வேண்டியவை. மூன்றும் நீலகிரியில் இயற்கையாகவே இருந்தன. பிரெஞ்சு நிறுவனமான பௌஷேயின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தி தொடங்கியது. சரக்கின் பெயர் 'இந்து'. நிலவுக்கு இன்னொரு பெயர் அது. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயராயிற்று.

எங்கள் தலைமுறையின் பள்ளிப் படங்களில் பல இந்தச் சுருளில் விழுந்தவையாக இருக்கும். அன்று கிடைத்த எளிய கேமரா, பரோடாவில் செய்யப்பட்ட அக்ஃபா கிளிக் மூன்று. 120 சுருள் போட்டால் பன்னிரண்டு படம். ஆண்டுவிழாவுக்குப் பன்னிரண்டும் போதும்; தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் பதின்மூன்றாவது தேவைப்படும். மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிலிமையும் அச்சகங்களின் பிலிமையும் திரைப்படப் பிரதிக்கான பிலிமையும் ஒளிப்படத் தாள்களையும் உதகை ஆலை கொடுத்தது. உச்சகாலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வேலை செய்தனர். தேயிலையும் காய்கறியும் சுற்றுலாவும் மட்டுமே இருந்த மலையில் மாதச் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியக் கனவு ஆகியவை வந்தன. மலைச்சாலையில் பனிமூட்டத்தில் வந்து, வாயிலைக் கடந்து, அதைவிட அடர்ந்த இருட்டுக்குள் போய் எட்டு மணிநேரம் நின்ற வேலை அது.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. பாலியஸ்டர் நாடாவில் எக்ஸ்ரே பிலிம் செய்யும் புதிய திட்டத்துக்காக வாங்கிய கடன் வளர்ந்தது. 1991-க்குப் பின் இறக்குமதித் தீர்வை குறைந்து வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது. 1990-களின் நடுவில் நலிவடைந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் வந்தது. இருட்டறையில் நின்ற கைகளுக்கு வேலை இல்லை, ஆனால் நிறுவனமும் மூடப்படவில்லை. பல ஆண்டுகள் சம்பள உயர்வின்றி ஊழியர்கள் காத்திருந்தனர். 2014-இல்தான் ஒன்றிய அமைச்சரவை 2007-ஆம் ஆண்டு ஊதிய விகிதத்தைக் கணக்கில்கொண்டு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சாசனின் பெட்டி 1975-இல் எழுதிய கடிதம் உதகைக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. கடனும் தாமதமான முடிவுகளும் டிஜிட்டலுக்கு முன்பே ஆலைக்குள் வந்துவிட்டன.

ராச்செஸ்டருக்கும் தப்பில்லை. 1982-இல் அந்நகரில் மட்டும் அறுபதாயிரம் பேருக்கு வேலை கொடுத்த கோடாக், 2012 ஜனவரியில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் சலுகை அவ்வாண்டு இறுதியோடு நின்றது. அது ஈஸ்ட்மன் உறையில் போட்டுக் கொடுத்த அன்பளிப்பன்று. பல்லாண்டு உழைப்பின்மேல் நம்பியிருந்த சொல்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2007 அக்டோபரில், கோடாக் வளாகத்தில் பயனற்றுப்போன இரண்டு பெரிய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முன்னாள் ஊழியர்களும் குடும்பத்தாரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். கனடாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் பர்லி அந்தக் காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். தூரத்தில் புகைமண்டலம் எழுகிறது. முன்னால் நிற்பவர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை உயர்த்தி, அதைப் படம் பிடிக்கிறார்கள். கைகளில் இருப்பவை டிஜிட்டல் கேமராக்கள்.